புளியமுனைத் துறையில் ஒரு கேள்வி

இன்ஸ்பெக்டர் இராசநாயகத்துக்கு ஒரு திட்டம் உதித்தது. உதித்ததோடு அது அடங்கியிருந்தால் புளியமுனை தப்பியிருக்கும். மனுஷன் விட்டால்தானே. அதைத் தட்டெழுத்தில் அடிப்பித்து, யாழ்ப்பாணத்திலிருந்த மேலதிகாரியிடம் சம்மதமும் வாங்கி, தலைப்புக்குக் கீழே சிவப்பு மையால் கோடும் போட்டுக் கொண்டுவந்து கொன்ஸ்டபிள் மரியதாசனின் கையில் கொடுத்தார். ‘கரையோர விடியற்காலை ரோந்துத் திட்டம்’ என்பது அதன் பெயர். பெயரைக் கேட்டால் யாருக்கும் ஒரு மரியாதை வரத்தான் செய்யும். வாசித்துப் பார்த்த மரியதாசனோ நம்பமுடியாமல் இன்னொருதரம் வாசித்தான்.

அது இந்தியச் சேலைக்கும் குளிக்கிற சவர்க்காரத்துக்கும் நாட்டிலே தடை இருந்த காலம். தடை போட்டவர்கள் கொழும்பிலே இருந்தார்கள். இந்தியா எங்கள் தீவுகளுக்கு எதிரே இருந்தது. பிறகென்ன, சாமான் வள்ளத்திலே வந்துகொண்டுதான் இருந்தது. யார் கொண்டுவருகிறார்கள் என்று புளியமுனையில் கைக்குழந்தையைத் தவிர எல்லோருக்கும் தெரியும். காக்கிச்சட்டைக்காரனுக்கு மட்டும் அந்தக் கதை வந்து சேராது. ஊரிலே பெண் எடுக்கப்போகிற காக்கிச்சட்டையாக இருந்தாலும் அப்படித்தான்.

இன்ஸ்பெக்டரின் யோசனை இதுதான். கள்ளன் கேள்விக்குத் தடுமாறுவான், நல்லவன் தடுமாறமாட்டான். ஆகவே விடியற்காலை தொடக்கம் துறையை விட்டு வெளிக்கிடும் ஒவ்வொருவரிடமும் கொன்ஸ்டபிள் மூன்று கேள்விகள் கேட்கவேண்டும். பெயர் என்ன, எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள். டக்கென்று பதில் சொல்பவரை மறிக்காமல், சோதிக்காமல் விட்டுவிடவேண்டும். தடுமாறுகிறவனும் திரும்பிப் போகிறவனும் சந்தேகத்துக்குரியவர்கள். கேட்க நல்லாய்த்தான் இருக்கிறது, இல்லையா?

அந்த இரண்டாவது கேள்வியிலேதான் மரியதாசனுக்கு வியர்த்தது. அவன் நெடுந்தீவான், கடற்தொழில் செய்கிறவரின் பிள்ளை. வலையைத் தோளில் போட்டுக்கொண்டு படலையைத் திறக்கிற மனுஷனைப் பார்த்து ‘எங்கை போறியள்’ என்று ஒருவர் கேட்டுவிட்டால் அன்றைய தொழில் அவ்வளவுதான். வலையை இறக்கி வைத்துவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு, அப்படியே இருந்துவிட வேண்டும். மீறிப் போனால் வலை வெறுமையாய் வரும், அல்லது வலை மட்டும் வரும். சின்ன வயதில் ஒருநாள் வாய் தவறித் தகப்பனிடம் கேட்டுவிட்டு, தாயிடம் வாங்கிய அடி அவனுக்கு இன்னும் நினைவிருந்தது. இப்போது அரசாங்கம் அவனுக்குச் சம்பளம் கொடுத்து அதையே ஊர் முழுக்கக் கேட்கச் சொல்கிறது.

அதுவும் எந்த ஊரில்? ஜசிந்தாவின் ஊரில். ஜசிந்தாவின் தகப்பன் யாகப்பு புளியமுனையிலே பெரிய வள்ளக்காரர். கடலுக்குப் போகாதவனுக்கு மகளைக் கொடுப்பதில்லை என்று நெடுநாள் பிடிவாதமாய் இருந்தவர். பெண்சாதி பிலோமினம்மா கெஞ்சி, மகள் இரண்டு நேரம் சாப்பிடாமல் கிடந்து, ஒருபடியாய் மனம் இளகியிருந்தார். பெருநாள் முடிந்ததும் வேதக்கோயிலிலே சாமியார் கலியாண அறிவித்தல் வாசிப்பதென்று பேச்சு. அந்த யாகப்புதான் ஒவ்வொரு நாளும் முதல் வள்ளத்தை இறக்குகிறவர். கேட்டால் பெண் போய்விடும். கேட்காவிட்டால் உத்தியோகம் போய்விடும், அல்லது கடலையே காணமுடியாத ஏதோ ஒரு காட்டு ஊருக்கு மாற்றிவிடுவார்கள், அப்போதும் பெண் போய்விடும். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஜசிந்தா இல்லை. அவனுக்கு அழுகை வராத குறை.

விசயத்தை இன்ஸ்பெக்டரிடம் பக்குவமாய்ச் சொல்லிப் பார்த்தான். இராசநாயகம் பொல்லாத மனுஷன் இல்லை. சிரிக்கத் தொடங்கினால் வயிறு குலுங்கச் சிரிப்பார். அன்றைக்கும் அப்படித்தான் சிரித்தார். இதெல்லாம் மூடநம்பிக்கை என்றும், பொலிஸ்காரன் சகுனம் பார்க்க வெளிக்கிட்டால் நாடு உருப்படாது என்றும், முதல்நாள் தானே துறைக்கு வந்து நிற்பதாகவும் சொன்னார். சொன்னபடி வந்தும் நின்றார், பாழ்படுவார்.

கிழக்கு வெளுத்துக்கொண்டு வந்தது. யாகப்பு வள்ளத்தைத் தண்ணீரில் தள்ளிவிட்டு ஏறக் காலை எடுத்தார். மரியதாசன் போய் முன்னால் நின்று, பெயரைக் கேட்டான். மாமனாராகப் போகிறவரிடம் பெயர் கேட்கிற வெட்கம் ஒருபக்கம். அடுத்த கேள்விக்கு, ஊரிலே நாசூக்காய்க் கேட்பதைப் போல, “தூரமோ?” என்று மெல்லக் கேட்டு வைத்தான். பின்னாலிருந்து இன்ஸ்பெக்டர் தொண்டையைச் செருமினார். திட்டத்தில் உள்ளதை உள்ளபடி கேளும் என்றார். மரியதாசன் கண்ணை மூடிக்கொண்டான்.

“எங்கை போறியள்?”

யாகப்பு எடுத்த காலை இறக்கினார். பாயைச் சுருட்டினார், வலையைத் தோளில் போட்டார், வந்த வழியே வீட்டுக்குப் போனார். அவருக்குப் பின்னால் வந்தவனும் அப்படியே. அதற்குப் பின்னால் வந்த அண்ணன் தம்பி இருவரும் கேள்வி வருமுன்னமே திரும்பிவிட்டார்கள். சூரியன் ஏறியபோது கடலில் ஒரு பாய்கூட இல்லை. வள்ளங்களெல்லாம் கரையில் கிடந்தன. இன்ஸ்பெக்டருக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. ஊர் முழுக்கக் கள்ளர்கள் என்று தான் நினைத்திருக்கவே இல்லை என்றார்.

அந்த வேளையில் ஆடிப்பாடிக்கொண்டு வந்து சேர்ந்தார் குருசுமுத்து. பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிற மனுஷன், ஊரிலே ஒருவரோடும் சண்டை இல்லாதவர். கேள்விகளை நின்று நிதானமாய்க் கேட்டார். பெயரைச் சொன்னார். அனலைதீவுப் பக்கம் மீனுக்குப் போவதாகவும், பின்னேரம் திரும்பி வந்துவிடுவதாகவும் சொல்லி, இன்ஸ்பெக்டருக்கு ஒரு கும்பிடும் போட்டுவிட்டு, வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு போனார். இன்ஸ்பெக்டர் உருகிப்போனார். இந்த ஊரில் சட்டத்தை மதிக்கிற ஒரே மனுஷன் இவர்தான், இவரை இனி ஒருநாளும் மறிக்கக்கூடாது என்று கட்டளை போட்டார். மரியதாசனுக்கும் அந்த மனுஷன்மேல் கண் கலங்குகிற அளவுக்கு நன்றி. ஊரே முகத்தைத் திருப்பிக்கொண்டு போக, தனக்கு மரியாதையாய்ப் பதில் சொன்னவர் அவர் ஒருவர்தானே.

அதன் பிறகு புளியமுனை பட்ட பாடு கொஞ்சமல்ல. சிலபேர் வேலி பாய்ந்து, தாழம்பற்றைக்குள்ளால் வேறு கரைக்குப் போய் வள்ளம் இறக்கப் பார்த்தார்கள். வேண்டாத வேலை ஒன்றும் செய்யாத மனுஷர் கள்ளர் மாதிரிப் பதுங்கிப் பதுங்கித் தொழிலுக்குப் போகவேண்டிய நிலைமை. கண்டுவிட்டால் மரியதாசன் சைக்கிளில் துரத்திப்போய்க் கேட்கவேண்டும், கேட்டால் அவர்கள் திரும்பவேண்டும். சந்தையில் மீன் இல்லை. வெள்ளிக்கிழமை கத்தோலிக்க வேதக்காரர் இறைச்சி தொடமாட்டார்கள், மீனும் இல்லாமல் ஊர் முழுக்கக் கத்தரிக்காய். இன்ஸ்பெக்டர் வீட்டிலும் கத்தரிக்காய்தான். மூன்றாம் தரம் கத்தரிக்காய்க் குழம்பைக் கண்டபோது அவர் கோப்பையைத் தள்ளிவைத்தாராம். உங்கடை திட்டத்தைச் சமைத்துத் தரட்டோ என்று பெண்சாதி கேட்டாவாம். ஆனால் திட்டத்தை நிற்பாட்ட அவருக்கு மனம் வரவில்லை.

யாகப்பு சண்டைக்கு வரவில்லை. ஆள் அனுப்பி ஒரே ஒரு செய்தி சொன்னார். அந்தக் கேள்வி இந்தத் துறையை விட்டுப் போகிறவரைக்கும் கோயிலில் அறிவித்தலும் இல்லை, ஒன்றும் இல்லை.

மரியதாசனுக்கு அன்று சோறு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும்போது, கோயில் கிணற்றடியில் ஜசிந்தாவைக் கண்டான். அவள் வாய்க்காரி. கண்டவுடனேயே தொடங்கிவிட்டாள். அப்பு நாள் முழுக்க வீட்டிலே இருக்கிறார், குசினிக்குள் வந்து சொதிக்கு உப்புக் காணாது என்கிறார், கோழியை ஏன் இந்தப் பக்கம் கட்டினாய் என்கிறார், அலுமாரியை அங்காலே இழு இங்காலே இழு என்கிறார், அம்மாவும் நானும் இன்னும் கொஞ்ச நாளில் விசர்பிடித்து ஓடப்போகிறோம் என்று பொரிந்து தள்ளினாள். மரியதாசன் பாவம், தன் பக்க நியாயத்தைச் சொல்லப் பார்த்தான். குருசுமுத்து அண்ணை ஒவ்வொரு நாளும் பதில் சொல்லிவிட்டுத்தானே மீனுக்குப் போகிறார், அவருக்கு என்ன நடந்துவிட்டது என்று கேட்டான்.

ஜசிந்தா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அவனைப் பார்த்தாள்.

“அவர் மீன் கொண்டுவந்ததை நீர் ஒருநாளாவது கண்டனீரே?”

மரியதாசன் யோசித்துப் பார்த்தான். சந்தையிலே மீனே இல்லை. குருசுமுத்து ஒவ்வொரு நாளும் கடலுக்குப் போகிறார். அவருடைய வலை காய்ந்தபடி போய்க் காய்ந்தபடி வருகிறது. மீனுக்குப் போகிற எந்த மனுஷனும் அந்தக் கேள்விக்குப் பிறகு வள்ளத்தில் கால் வைக்கமாட்டான். கால் வைக்கிறவன் மீனுக்குப் போகவில்லை. எவ்வளவு சின்ன விசயம். நன்றியிலே மூளை மழுங்கிப்போய் நின்றிருக்கிறானே என்று தன்னைத்தானே ஏசிக்கொண்டான்.

ஜசிந்தாவோ நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஊர் மறைத்ததைத் தான் உளறிவிட்டது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பிறகு, சொன்னது சொன்னதுதான் என்று மற்றதையும் சொல்லிவிட்டாள்.

“என்ரை கலியாணச் சேலையும் அவரிட்டை இருந்துதான் வருது. அம்மா சொல்லிவிட்டவ. வெள்ளைப் பட்டு, வெள்ளிக் கரை.”

என்ன செய்யச் சொல்கிறாய் என்று அவன் கேட்கவில்லை, முகம் கேட்டது. அவளுக்குக் கண் கலங்கியது. அந்தச் சேலையை அவள் நினைத்து நினைத்து எத்தனை நாள் நித்திரை கொள்ளாமல் கிடந்தாளோ, யார் கண்டது.

“சேலை இல்லாமல் கலியாணம் முடிக்கலாம். தொழிலுக்குப் போகாத அப்புவோடை ஒரு வீட்டுக்குள்ளை இருக்க ஏலாது. உம்மடை வேலையை நீர் பாரும்” என்றாள்.

அடுத்த நாளும் குருசுமுத்து சிரித்தார், பதில் சொன்னார், போனார். மரியதாசன் சிரித்து வழியனுப்பினான். ஆனால் பின்னேரம் வீட்டுக்குப் போகாமல் துறையிலேயே நின்றான். பதில் சொன்னவரைச் சோதிப்பது கட்டளையை மீறுவது. சோதித்து ஒன்றும் அகப்படாவிட்டால் இன்ஸ்பெக்டர் தோலை உரித்துப்போடுவார். வள்ளம் கரை தட்டியதும் போய் முன்பக்கத்து அணியத்தைப் பிடித்தான். காய்ந்த வலைக்குக் கீழே சாக்கு, சாக்குக்குள் சேலைக்கட்டு, சவர்க்காரம், வாசனைத் தைலம். அனலைதீவுக்கு அப்பால் இந்தியக் கரை வள்ளம் வந்து கொடுத்துவிட்டுப் போனவை.

குருசுமுத்து மல்லுக்கு நிற்கவில்லை. பெருமூச்சு விட்டார். கரையில் ஆட்கள் சேர்ந்துகொண்டிருந்தார்கள். குனிந்து ஒரு சின்னச் சேலைக்கட்டை மட்டும் எடுத்து, மரியதாசனின் கைக்குள் திணித்தார்.

“தம்பி, இது பிலோமினம்மாவின்ரை. இதை மட்டும் சட்டைக்குள்ளை வையும். நான் மூச்சுக் காட்டமாட்டன்.”

தாளின் கிழிசலுக்குள்ளால் வெள்ளிக் கரை மினுங்கியது. ஏன் பொய் சொல்லவேண்டும், மரியதாசனுக்கு ஆசை வந்தது. தலையை நிமிர்த்திப் பார்த்தான். கரையிலே ஜசிந்தா நின்றாள். கட்டு என்னவென்று அவளுக்கு விளங்கிவிட்டது. அவள் தலையை இல்லை என்று ஆட்டினாள். அவன் அதை மற்றக் கட்டுகளோடு வைத்தான். அந்தக் கணத்தில் அவளைப் போல ஒருத்தி உலகத்திலே இல்லை என்று அவனுக்குத் தோன்றியது, அது உண்மையும்கூட.

ஆள் ஓடிப்போய்ச் சொல்ல, இன்ஸ்பெக்டர் ஜீப்பிலே பறந்து வந்தார். குருசுமுத்துவைக் கண்டு முகம் ஒருமுறை கறுத்தது, சாமானைக் கண்டு உடனே மலர்ந்தது. தன் திட்டம் வெற்றி, மாபெரும் வெற்றி என்று மரியதாசனின் முதுகில் தட்டினார். அவன் விளங்கப்படுத்த வாய் எடுத்தான், அவர் கேட்டால்தானே. இப்போதே யாழ்ப்பாணம் போய் மேலதிகாரியிடம் சாமானைக் காட்டப்போவதாகவும், சுருவில் தொடக்கம் சாட்டி வரைக்கும் எல்லாத் துறைகளிலும் இந்தக் கேள்வியைக் கேட்பிக்கப் போவதாகவும், புளியமுனைக்கு மரியதாசனே நிரந்தரப் பொறுப்பு என்றும் கூட்டத்தின் முன்னால் அறிவித்தார்.

கூட்டம் செத்த வீடு மாதிரி நின்றது. கவிழ்ந்து கிடந்த வள்ளத்தின்மேல் இருந்த யாகப்பு, மரியதாசனைப் பார்த்துத் தலையை ஆட்டினார். கோபத்தில் ஆட்டியிருந்தால் பரவாயில்லை, பரிதாபத்தில் ஆட்டினார். ஜசிந்தா முகத்தை முந்தானையால் துடைத்தாள். சேலையும் போய், கலியாணமும் போவது கண்ணுக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தது.

இன்ஸ்பெக்டர் ஜீப்பில் ஏறினார். மரியதாசனுக்கு எங்கிருந்து அந்தத் துணிவு வந்ததோ தெரியாது. ஜீப்புக்கு முன்னால் போய்ச் சப்பாத்தைத் தட்டி நின்று, சலூட் அடித்தான். மறிக்கிறீரோ என்று அவர் கேட்டார். துறையை விட்டு வெளிக்கிடும் எவரும் கேள்வி இல்லாமல் போகக்கூடாதென்று திட்டத்தில் இருக்கிறது சேர் என்றான். பெயர் எனக்குத் தெரியும், ஆகவே இரண்டாவது கேள்விக்கு வருகிறேன் என்றான்.

“சேர், எங்கை போறியள்?”

இன்ஸ்பெக்டர் சிரிக்கத்தான் பார்த்தார். வயிறு குலுங்கவில்லை. ஜீப்பைக் கிளப்பத் திறப்பைத் திருகக் கை போனது, பாதியில் நின்றது. போகிற காரியம் எப்படிப்பட்ட காரியம். பதவி உயர்வு என்கிற காரியம். யாழ்ப்பாணத்துக்குப் போகிற பண்ணைப் பாலத்தில் ஜீப் நின்றுவிட்டால்? மேலதிகாரி எரிச்சலோடு இருந்தால்? அவருடைய தாய், மகன் பள்ளிக்கூடச் சோதனைக்குப் போகும் நாட்களில் இந்தக் கேள்வியைக் கேட்ட பக்கத்து வீட்டுக்காரியின் தலைமுறையையே இழுத்து ஏசியவர். திறப்பிலிருந்து கை கீழே வந்தது. ஜீப்பை விட்டு இறங்கி, நடந்து போய், யாகப்புவுக்குப் பக்கத்திலே கவிழ்ந்த வள்ளத்தின்மேல் இருந்தார்.

“கொஞ்சம் தண்ணி தாருங்கோ” என்றார்.

பிலோமினம்மா செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தா. ஒருவரும் சிரிக்கவில்லை. யாகப்பு கொஞ்சம் அரங்கி இடம் விட்டார்.

“இண்டைக்கு இனிப் போகேலாது” என்றார் இன்ஸ்பெக்டர், யாருக்கோ சொல்வதுபோல.

“ஓம், ஏலாதுதான்” என்றார் யாகப்பு. “நாளைக்குப் போங்கோ. நல்லபடியாய் நடக்கும்.”

இருவரும் கடலைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். அப்போதுதான் மரியதாசன் கிட்டப்போய், பதில் சொன்ன ஒரே மனுஷன் ஏன் அகப்பட்டார் என்பதை விளங்கப்படுத்தினான். இன்ஸ்பெக்டர் முழுவதையும் கேட்டார், தண்ணீரை முழுவதும் குடித்தார். இனி மற்றக் கள்ளரும் இதைக் கேள்விப்பட்டு, கேட்டவுடன் திரும்பிப்போகப் பழகிவிடுவார்கள், பிறகு யாரைப் பிடிப்பது என்று அவரே கேட்டுக்கொண்டார். அடுத்த நாள் யாழ்ப்பாணம் போனார். போகும்போது துறைப் பக்கமே வரவில்லை. திட்டம் தன் நோக்கத்தைப் பூரணமாக நிறைவேற்றிவிட்டபடியால் முடித்துவைக்கப்படுகிறது என்று மேலதிகாரியிடம் சொல்லிவிட்டு வந்தார். நல்ல மனுஷன் என்று நான் முன்பே சொன்னேன்தானே. சொல்லாவிட்டால் இப்போது சொல்கிறேன்.

குருசுமுத்து தண்டம் கட்டிவிட்டு அதே சிரிப்போடு திரும்பி வந்தார். அவருக்கு மரியதாசன்மேல் மனத்தாங்கல் இல்லை. ஒரே ஒருநாள் நானும் கோபித்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பியிருந்தால் உம்மாலே பிடித்திருக்க ஏலாது, என்ரை பிழைதான் என்று துறையிலே வைத்துச் சொன்னார்.

திட்டம் முடிந்த மறுநாள் விடியற்காலை, பழக்கதோஷத்திலே மரியதாசன் துறைக்கு வந்து நின்றான். கேட்க ஒன்றும் இல்லை. வாயை இறுக்கி மூடிக்கொண்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். யாகப்பு வலையை வள்ளத்தில் போட்டார், அவனை ஏறிட்டுப் பார்க்கவில்லை. வள்ளத்தைத் தள்ளி, ஏறி, கொஞ்சத் தூரம் போனார். அவனுக்கு நெஞ்சு வெறுமையாகிப்போனது. அப்போது கடலிலிருந்து குரல் வந்தது.

“மருமோன், மத்தியானம் வீட்டை சாப்பிட வாரும். அறிவித்தலுக்குச் சாமியாரிட்டைச் சொல்லியாச்சு.”

மரியதாசன் ஓம் என்று சொல்லவும் மறந்து, முழங்கால் அளவு தண்ணீருக்குள் சப்பாத்தோடு இறங்கி நின்றான்.